குளிரறையில் பதிவுசெய்தது

விமர்சனங்கள் வரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை.
வால்டிவியாவில் அன்றைக்கும் மழை.
பல் ஆய்வகத்தில் யாருக்கோ
மேல்வரிசையை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தேன்.

சாந்தியாகோக்காரர்தான் முதலில்.
பத்துக்கு ஐந்து புள்ளி எட்டு.
'பாட்டு இல்லை, வானிலை அறிக்கை.
ஐம்பத்திரண்டு நிமிட மூடுபனி.'
படகில் டிக்கெட் கிழித்தபடியே படித்த ரெமிஹியோ
தொலைபேசியில் கத்தினான்:
நான் குடியிருக்கிற ஊரே அதுதானடி!
உண்மைதான். நியேப்லா என்றால் மூடுபனி.
ஆறு கடலில் விழுகிற இடத்தில்
பேருந்து வந்து திரும்புகிற ஊர்.
முகவரியைச் சொல்லி ஒருவர் வைதால்
கோபப்படுவதா,
தபால் வந்திருக்கிறதா என்று பார்ப்பதா?

கொன்செப்சியோனிலிருந்து ஒரு பெண் எழுதினாள்:
ஏழாம் நிமிடம்வரை வாய் திறக்காத பாடகி,
அந்த மறுப்பு ஓர் அரசியல்.
ரயென் அதை வெட்டி வைத்திருக்கிறாள்.
புகைக்கப் போனவளுக்குப் பின்னால்
கதவு தானாகப் பூட்டிக்கொண்டதையும்
அவள் தட்டியது எங்களுக்குத் தாளமாகக் கேட்டதையும்
யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவானது.

பிறகு லைப்சிக்.
நான்கு பக்கம். மொழிபெயர்ப்புக்கே ஒரு வாரம்.
ஆறு நிமிடம் ஹெல்முட்டின் கிதாரைத் தாண்டி நடந்துவிட்டு
அடியில் கிடக்கும் ஒற்றை முழக்கத்தின் முன்
தொப்பியைக் கழற்றி நிற்கிறார் அந்த மனிதர்.
'தந்தியும் அல்ல, விசையும் அல்ல.
நிலநடுக்கம் கண்ட மண்
இன்னும் விட்டு முடிக்காத மூச்சு.'

அது மீன் குளிரறையின் மோட்டார்.

வாடகை வேண்டாம், மோட்டாரை மட்டும் அணைக்காதீர்கள்,
உள்ளே எண்பது பெட்டி மெர்லூசா இருக்கிறது
என்றுதான் அபெலினோ சாவியைக் கொடுத்தார்.
முதல் இரவு அதை எதிர்த்து வாசித்தோம்.
இரண்டாம் இரவு அதற்கு மேலாக.
மூன்றாம் இரவு என் பேஸ் கிதாரை
கால் சுரம் இறக்கி அதனோடு சேர்த்தேன்.
அப்புறம் எல்லோரும் இறங்கி வந்தார்கள்.
அதுதான் சுருதி. அதன்மேல்தான் ஒன்பது பாட்டும்.

ஹெல்முட் இரண்டு வாரம் வரவில்லை.
மூன்று வருடச் சம்பளத்தில் வாங்கிய பெடல்கள்,
பெயர்கூட இல்லை, என்றான் கடைசியில்.
குளிர்பெட்டிக்கு நான்கு பக்கம்.
அவனுக்கு மருந்து என்னிடம் இல்லை.
லைப்சிக்காரர் தப்பாகக் கேட்டார் என்றும் சொல்ல வரவில்லை எனக்கு.
மூச்சு என்றாரே,
அது நிற்கிற இடங்களில்
நாங்களும் நின்றது நிஜம்.

ஒரு பிரதி அபெலினோவுக்கும் கொடுத்தேன்.
இசைத்தட்டு சுழற்ற அவரிடம் ஏதுமில்லை,
மகளின் வேனில் கேட்டாராம்,
மீன் சந்தைக்கு வெளியே,
கடற்சிங்கங்கள் கழிவுக்குச் சண்டையிடும் படிக்கட்டருகே,
முழுவதும், இரண்டு முறை.
மறுநாள் காலை ஆய்வகத்துக்கே வந்து நின்றார்,
தொப்பியில் மழை சொட்ட.

நான்காவது பாட்டு, என்றார்.
பாதிக்குப் பிறகு ஒரு உரசல் வருகிறதே,
கவனித்தாயா?
இல்லை என்றேன்.
பேரிங் தேய்ந்திருக்கிறது.
பக்கத்திலேயே இருந்து காது பழகிவிட்டது எனக்கு.
நல்ல வேளை நீங்கள் பதிவுசெய்தீர்கள்,
இன்னும் ஒரு மாதம் போயிருந்தால்
எண்பது பெட்டியும் ஆற்றுக்குத்தான்.

பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தார்.
நீளம், என்றார்.

வெள்ளிக்கிழமை புதிய மோட்டார் வந்தது.
ஹெல்முட்டும் வந்துவிட்டான்.
கருவிகளை வைத்தோம், கம்பிகளைச் செருகினோம்,
கதவு பூட்டிக்கொள்ளாமல் ரயென் ஒரு பெட்டியை அண்டக்கொடுத்தாள்.
ரெமிஹியோ குச்சிகளைத் தூக்கினான்,
தூக்கியபடியே என்னைப் பார்த்தான்.

அறையில் சத்தமே இல்லை.
எந்தச் சுரத்தில் தொடங்குவது என்று
நான்கு பேரும்
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.