கந்தோர்

நீதிபதி கனகசூரியத்தின் தீர்ப்புகளைத்
தட்டச்சில் அடித்தவள் நான்,
பதினொரு வருஷம்.
ஆங்கிலத்தில் சொல்லுவார்.
காற்புள்ளிக்கு மட்டும் சின்னி விரலை மடக்குவார்.

கொக்குவில் கிணற்று வழக்கு.
எட்டில் ஒரு பங்குக்காக
தமையன் அறுத்த துலாக்கயிறு
சான்றுப் பொருளாய்
என் மேசைக்கடியில் ஈரத்தோடு கிடந்தது.
சொல்லிக்கொண்டு போனவர் நிறுத்தி,
"ஊற்றுக்கு உறுதி முடிச்சவன் ஆர்?
இருட்டிலை எல்லா வாளியும் ஒரே சத்தம்"
என்றார், தமிழில்.
என் விரல்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் நின்றன.
"உதை அடியாதையும் பிள்ளை.
உது தீர்ப்பில்லை."

பிறகுதான் கண்டேன்:
பழைய உறுதி நகல்களின் முதுகில்
பென்சிலால் கவிதைகள்.
தலைப்பில்லை, வழக்கு எண்தான்.

உலாந்தா விட்டுப்போன சட்டம்
எங்களுக்கும் கேப்டவுனுக்கும் பொது.
கொழும்பு அப்புக்காத்து ஒருவர்
அங்கத்தைய தீர்ப்பொன்றை நீட்ட,
எழுதியவரைத் தேடிப் போனார் ஐயா.
அவரும் நீதிபதி, அவரும் கவி.
எழுதியது ஆபிரிக்கான்ஸில்,
குசினிப் பேச்சென்று ஒருகாலம் துரைமார் சிரித்த மொழி.
"அதிலையும் கந்தோர் கந்தோர்தானாம்!"
தபாலில் அகராதி வந்தது.
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு
வரிவரியாய்த் தமிழாக்கினார்,
மழை மறந்த ஒரு ஊரை.
அச்சுவேலிச் செம்மண் மாதிரித்தான் இருந்தது.

எழுபத்தாறு, ஆனி.
அந்த மொழியில் படிக்கமாட்டோம் என்று
தெருவுக்கு வந்த பிள்ளைகளைச்
சுட்டதாக வானொலி சொன்னது.
ஐயா அகராதியை மூடினார்.
திரும்பத் திறந்தார்.
விரல் ஒரு பக்கம் முழுக்க இறங்கி
ஒரு சொல்லிலும் நிற்கவில்லை.
"குசினியிலை கிடக்குதெண்டு நினைச்சன்.
கதிரையிலை ஏறியிட்டுது, கண்டீரே."

மேசையில்
சிங்களச் சோதனைச் சுற்றறிக்கை
உறை கிழிக்காமல் கிடந்தது.
அதைத்தான் சொல்லுகிறார் என்று நினைத்தேன்.
அவர் பார்த்தது
தன் பென்சில் தாள்களை.
"எங்கடையும் ஏறினால்?"

நான் தாளை உருட்டி ஏற்றினேன்.
வேறென்ன செய்ய.
"சரி, எழுதும். பதினாலாம் பந்தி."

தம்பிக்கு எட்டில் ஒன்று.
கயிற்றை உரியவரிடம் கொடுக்கும்படி கட்டளை.
உரியவர் யாரென்று எழுதவில்லை.
அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை.
ஐயா இளைப்பாறி, நானும் இளைப்பாறிய அன்று
காய்ந்து முறுகிய அந்தக் கயிறு
கந்தோரில்தான் கிடந்தது.