சேவைக் கட்டணம்

குகதாசனின் சம்பள நிலுவை
வியாழக்கிழமை வங்கிக்கு வந்தது.
வெள்ளி மரக்கறி என்பதால்
சனிக்கிழமை இத்தாலிக்குப் போனோம்,
மூன்று பேர், ஒரு மோட்டார் சைக்கிளில்,
உப்புவெளிக் கடற்கரைக்கு.
கடையின் பெயரை இரண்டு தரம் வாசிக்க முயன்று
மூன்றாம் தரம் விட்டுவிட்டோம்.

மேசைத் துணி வெள்ளை.
அதைவிட வெள்ளையாய் நான்கு பேர்
எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்,
எங்களுக்கு முன்னால் சாப்பிட்டார்கள்.

நெஞ்சில் மார்கோ என்று குத்தியிருந்த பையன்
ஆங்கிலத்தில் கேட்டான்.
தமிழில் சொன்னேன்.
அதையே ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டான்,
நான் எதையோ பிழையாக உச்சரித்துவிட்டதுபோல.

மெனு அட்டையில்
ஐந்து தசம் நான்கு என்று போட்டிருந்தது.
ஐந்து ரூபா நாற்பது சதம் என்று
தர்மிகா சந்தோஷப்பட்டாள்.
ஆயிரத்தை எழுத
அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

தண்ணீர் கேட்டோம்.
பச்சைப் போத்தலில் வந்தது.
இத்தாலியில் கப்பலேறி,
இவ்வளவு பெரிய துறைமுகம் இருக்கிற ஊருக்கு
கொழும்பில் இறங்கி
லொறியில் வந்த தண்ணீர்.
ஆயிரத்து இருநூறு.
குகதாசன் குடிக்கவில்லை,
அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாற்பது நிமிடம்.
பிறகு இன்னொரு பத்து.

கறுப்பு நூல் நூலாய் என்னுடையது வந்தது.
கணவாய் மையாம்.
சந்தையால் வந்து கழுவும்போது
கிணற்றடியில் ஊற்றிவிடுகிற அதே மை.
கலியாணம் முடித்த நாளிலிருந்து
எத்தனை லட்சத்தை
வாழைமரத்துக்குப் பாய்ச்சியிருப்பேனோ.

ஆறிப்போயிருந்தது. உப்பில்லை.
பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
தலையாட்டிவிட்டுப் போனவன் போனவன்தான்.
உப்புவெளியில் குந்திக்கொண்டு
உப்புக்குக் காத்திருந்தோம்.
தர்மிகா பொறுக்கமாட்டாமல்
என் தட்டில் பாதியை அள்ளித் தின்றாள்.

பில் மட்டும் உடனே வந்தது,
தோல் மட்டை போட்ட புத்தகத்துக்குள்,
திருமண அழைப்பிதழ்போல.
பதினாறாயிரத்து நானூறு.
சேவைக் கட்டணம் பத்து வீதம்.
அதற்கும் சேர்த்து வற் வரி.
இருபத்தோராயிரத்து
இருநூற்று எண்பத்தேழு
ரூபா இருபது சதம்.
அந்த இருபது சதத்தைக்கூட
அவர்கள் மறக்கவில்லை.

"எந்தச் சேவைக்குத் தம்பி?" என்றேன்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.
"அக்கா, நீங்கள் தபால் கந்தோரிலதானே?
மூண்டாவது யன்னல்.
போன மாசம் அம்மாவின்ர அலுவலா வந்தனான்.
ரெண்டு மணித்தியாலம் நிண்டனான்.
என்ர முறை வரேக்க
பலகையைத் திருப்பி வைச்சிட்டுத்
தேத்தண்ணிக்குப் போட்டீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை.
பொக்கெட்டிலிருந்து உப்புச் சிமிழை எடுத்து
வெறும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

எனக்கு நினைவில்லை.
அதுதான் வெட்கமாக இருந்தது.
"உம்மட சரியான பேர் என்ன?"
"கிருபைராசா. சல்லி."
"இந்தப் பத்து வீதம் உமக்கு வருமோ?"
சிரித்தான்.
மனேஜர் வருவதைக் கண்டதும்
மறுபடி மார்கோவாகி
இரவு இனிதாக அமைய
ஆங்கிலத்தில் வாழ்த்தினான்.

வீட்டுக்குப் போக மனமில்லை.
கோட்டை வாசல் லைட்டுக் கம்பத்தடியில்
குகதாசன் நிறுத்தினார்.
பெற்றோல் டாங்கியின் மேல் பில்லை விரித்து
முறைப்பாட்டுக் கடிதத்தின் முதல் வரியை
உரக்கச் சொல்லிப் பார்த்தார்:
கனம் ஐயா, அவர்கட்கு.
இரண்டாவது வரி வரமுதல்
கோட்டைக்குள்ளிருந்து வந்த மானொன்று
தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டி
பில்லை இழுத்து
மென்றது, மிக ஆறுதலாக,
வரியையும் விடாமல்.

மனிசன் கத்தினார்.
தர்மிகா சிரித்தாள்,
பல்லெல்லாம் கறுப்பு.

திங்கட்கிழமை. பத்தரை மணி.
என் யன்னலுக்கு வெளியே ஒன்பது பேர்.
தேத்தண்ணி வந்திட்டுது என்று
உள்ளேயிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள்.
பலகை கையில் இருக்கிறது.