உரசல் இல்லை

இந்த உரையாடல் பதிவாகிறது என்று
முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்னேன்.
ஆகட்டும் என்றார் மார்லிஸ் காங்கஸ்.
விஸ்கான்சின் வடகோடி, வயது அறுபத்தொன்று,
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி,
பதினான்கு வருடம் ஓடிய ப்யூக்.
நான் டிமாயினில், மூன்றாவது மாடியில்,
கையருகே ஆறிப்போன காபி.

நவம்பர் ஒன்பது, விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
ஊசியிலை மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெட்டை மான்.
வண்டியை ஒடித்திருக்கிறார். பள்ளத்தில் இறங்கி
யாரோ ஒருவரின் தபால்பெட்டிக் கம்பத்தில் முட்டி
முன்பக்கம் அப்பளம்.

பிறகு என் கேள்வி, படிவத்தில் பதினேழாவது.
மான் மீது வண்டி பட்டதா?

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்கும் தெரியாது:
மானை இடித்தால் அது விதி. பணம் உண்டு.
மானுக்கு விலகிக் கம்பத்தில் இடித்தால்
அது ஓட்டியவர் பாடு. அதற்கு வேறு காப்பீடு.
அதைப் போன வசந்தத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்,
பழைய வண்டிக்கு எதற்கு, மாதம் முப்பத்தொரு டாலர் மிச்சம் என்று
எங்கள் ஆளே யோசனை சொல்லி.

இல்லை என்றார்.
நான் தட்டச்சு செய்யவில்லை.
லேசாக உரசியிருக்குமோ, என்றேன்,
வால், குளம்பு, ஏதாவது?
இதைக் கேட்கப் படிவத்தில் இடம் கிடையாது.
விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டு,
ஆமாம், இப்போது ஞாபகம் வருகிறது, என்பார்கள்.
அவர் மூச்சு விடவில்லை.
இல்லையப்பா, சுத்தமாகத் தாண்டிப் போய்விட்டது,
ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தது.
சந்தோஷமாகச் சொன்னார்.
அந்தச் சந்தோஷம் இன்னும் பதிவில் இருக்கிறது,
நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் நொடி.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, சரி.
தலைப்பாகையைத் தட்டிவிட்டது எது என்று
நாங்கள் கேட்போம்.

உரசல் இல்லை, என்று அடித்தேன்.

மறுப்புக் கடிதம் போய்ப் பத்தாம் நாள்
ஓர் உறை வந்தது. கோடு போட்ட தாள், நீல மை.
“பக்கத்து வீட்டு வெர்லின் வேட்டைக்குப் போகிறவர்.
அவர் ஃப்ரீசரில் ஒரு தோல் கிடக்கிறதாம்.
ஒரு பிடி மயிரைப் பம்பர் இடுக்கில் செருகிவிடு,
யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்.
அந்தப் பையனிடம்தான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே,
இனி எப்படி, என்றேன்.
ஆனால் ஒன்று கேட்கிறேன்.
கொன்றிருந்தால் கொடுத்திருப்பீர்கள் என்றால்
என்னிடம் இத்தனை வருடம் எதற்கு வாங்கினீர்கள்?”

மேலாளர் ஹால்வர்சன் படித்தார், சிரித்தார்.
கெட்ட மனிதர் இல்லை.
மயிர் விஷயத்தைக் கோப்பில் குறித்துவை என்றார்.
மோசடி வாய்ப்பு என்ற சிவப்புக் கொடி
மார்லிஸ் காங்கஸ் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது.

உறைக்குள் மூன்று படங்களும் இருந்தன.
இழுவை வண்டி வரும்வரை, டார்ச் வெளிச்சத்தில் எடுத்தவை.
முதல் படத்தில் பனியில் குளம்புத் தடங்கள்,
சிறு சிறு எட்டாக, காட்டிலிருந்து சாலைக்கு.
மூன்றாவதில் அதே எட்டுகள், எதிர்க் காட்டுக்குள்.
நடுப்படத்தில் டயர் கோடு வளைகிறது.
கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆழமாக அழுந்திய ஒரு ஜோடி,
அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி.
குறுக்கே ஓர் அளவு நாடாவை விரித்து வைத்திருக்கிறார்:
பதின்மூன்றடி.
கையுறையின் ஓரமும் படத்தில் விழுந்திருக்கிறது.

படங்களைக் கோப்பில் ஏற்ற வகை சொல்ல வேண்டும்.
வாகனம், காயம், ரசீது, காவல்துறை, மற்றவை.
மற்றவை.
விளக்கம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
கணினி அடுத்த பக்கம் போகாது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
வெறும் பனி, என்று அடித்தேன்,
பதின்மூன்றடி.