பெல்ட் வரும்வரை

குட்டாய்சி போகும் வேன்
சுராமிக்கு அருகே ஒருமுறை இருமி
நின்றுவிட்டது.
நுக்சார் இறங்கி, முன்மூடியைத் தூக்கி,
உள்ளே பார்த்து,
துக்க வீட்டில் நிற்பவர் போலத்
தொப்பியைக் கழற்றினார்.
அறுந்த பெல்ட்டை ஒவ்வொரு பயணியிடமும் காட்டினார்.
என்னிடமும் காட்டினார்.
நானும் தலையசைத்தேன்,
பெல்ட் வைத்தியம் தெரிந்தவள் மாதிரி.

மூன்று விரல் நீட்டினார்.
மூன்று நிமிடமா, மணியா, நாளா
என்று கேட்க என்னிடம் மொழி இல்லை.
மற்றவர்கள் சாவகாசமாக சிகரெட் பற்றவைத்த விதத்தில்
மணி என்று தெரிந்தது.

சாலை நெடுக ரொட்டிக் கடைகள்.
கடை என்றால் ஒரு தகரக்கூரை,
மண்ணில் புதைத்த அடுப்பு.
ஒருத்தி அடுப்புக்குள் இடுப்புவரை கவிழ்ந்திருந்தாள்,
கால் இரண்டும் தரையை விட்டு எழும்பி.
ஐயோ, விழுகிறாள் என்று ஓடினேன்.
ஓடிப்போய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

நிமிர்ந்தாள்.
கையில் சூடான ரொட்டி,
புருவத்தில் மாவு,
முகத்தில் 'யாரடி நீ'.
இதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.
அவள் விழுவது போல் நடித்துக் காட்டினேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கடை லாமாரா வந்துவிட்டாள்,
அதற்கு அடுத்த கடைக்காரியும்.
எல்லாருக்கும் மறுபடி நடிக்க வேண்டியிருந்தது.

த்சியாலா என்பது அவள் பெயர்.
எட்டாவது முறை நான் சொன்னது
பரவாயில்லை என்றது அவள் உதடு.
என் பெயர் வாகீஸ்வரி.
கேட்டதுமே வேண்டாம் என்று கையசைத்துவிட்டு
'இந்தோயேட்டி' என்று
என் நாட்டையே எனக்குப் பெயராக வைத்தாள்.

வெள்ளை ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள்.
"புரி."
விழித்தேன்.
"புரி, புரி."
புரியவில்லை என்றேன், தமிழில், பழக்கதோஷத்தில்.
வாய்வரை கொண்டுவந்தாள்.
அட,
ரொட்டிக்கு அதுதான் பெயர்.
கணக்கு வாத்தியார் ஐந்து வருடம் கத்தியும் நடக்காதது
உப்புப் பாலாடைக்கட்டியோடு
ஒரே வாயில் இறங்கியது.

பிறகு என் கையில் இரண்டைத் திணித்துச்
சாலையோரம் நிறுத்தினாள்.
திராட்சையும் கிராம்பும் போட்ட இனிப்பு ரொட்டி.
நாசுக்கி என்று பெயர்;
விற்பதில் நாசூக்கு எதுவும் கிடையாது.
ஆட்ட வேண்டும், கத்த வேண்டும்.
சிவப்பு மழைச்சட்டையில் ஒரு கறுத்த பெண்
ரொட்டி ஆட்டுவதைப் பார்த்து
சரக்கு வண்டிகள்கூட வேகம் குறைத்தன.
ஒருவர் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.
அவர் காரின் பின்னால் த்சியாலா ஒன்று சொன்னாள்,
அதையும் கற்றுக்கொள்ள ஆசையாக இருந்தது.

பதினொன்று விற்றேன்.
லாமாரா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.
அடுத்த அரைமணி அவள் கடைக்குக் கத்தினேன்.
நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

ஐந்து லாரித் தாள் ஒன்றை நீட்டினாள் த்சியாலா.
மறுத்தேன்.
அவள் குரல் ஏறியது. நானும் ஏற்றினேன்.
அவள் மொழியில் அவளும் என் மொழியில் நானும்
குழாயடிச் சண்டை போட்டோம்.
இப்படிக் கத்த உலகத்தில் எனக்கு
என் அக்கா ஒருத்திதான் உண்டு,
அவளிடமும் பேசி இரண்டு வருடம்.
தாளை என் சட்டைப் பைக்குள் போட்டு
அவளே பொத்தானையும் மாட்டினாள்.

நுக்சார் ஹாரன் அடித்தார்.
பெல்ட் வந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ.
நகரும் ஜன்னலுக்குள்
மாவு படிந்த காகிதம் ஒன்று வந்து விழுந்தது: எண்.

அறைக்கு வந்து விரித்தால்
ஏழா, ஒன்றா, தெரியவில்லை. இரண்டு இடத்தில்.
ஆக நான்கு விதமாக அழைக்கலாம்.
முதலாவதற்கு உயிர் இல்லை.
இரண்டாவதில் ஒரு குழந்தை, மூச்சுவிட்டுவிட்டு வைத்துவிட்டது.
மூன்றாவதில் ஓர் ஆண்குரல்
தூக்கம் கலைந்து நீளமாக ஏதோ கேட்டது.
தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன்:
"புரி?"

கொஞ்சம் மௌனம்.
பிறகு அவர்
விலாவாரியாகப் பதில் சொல்லத் தொடங்கினார்.
நான்காவது எண்ணை நாளைக்கு வைத்துக்கொண்டு
காலை நீட்டி உட்கார்ந்து கேட்டேன்.