நாற்பத்து மூன்றில் ஒன்று

தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்த லாரியைக்
கிரேனால் நிமிர்த்திவிட்டு
விடிகாலை மூன்றரைக்குக் கை கழுவுகிறேன்.
டிரைவர் நாமக்கல். உயிருக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள்
உள்ளங்கை நீளத்தில் அந்த இளநீல வண்டி, எண் ஆறு.
ஒரு பகல், ஓர் இரவு
ஓடி முடித்த கோலத்தில் வார்த்திருக்கிறார்கள்:
மூக்கில் செத்த பூச்சிகள்,
கதவோரம் எண்ணெய்க் கசிவு,
சேறுகூட கம்பெனிச் சேறு.

பார்சல் பிரித்த அன்றே
ஈரத்துணி போட்டுத் தேய்த்தாள் மாதம்மாள்.
"போகவே மாட்டேங்குது.
ஒம்பதாயிரம் குடுத்து அழுக்கையா வாங்குன?"
என் சட்டையை ஊறவைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

வந்த வழியில் எங்கோ
வலது முகப்பு விளக்கு உதிர்ந்துபோயிருந்தது.

இன்றிரவு இரட்டைப் பாலத்தருகே
தார் முழுக்கக் கண்ணாடி.
இருப்பதிலேயே பொடிசாக ஒன்றைப்
பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
இடுக்கியில் பிடித்து, மூச்சை அடக்கி,
விளக்குக் குழியில் வைத்தால்
உள்ளே குனிந்திருக்கும் ஓட்டுநரின்
தலையைவிடப் பெரிது.

பசை மூடியைத் திருகும்போது போன்.
"அண்ணே, மறுபடி. ரெண்டு வண்டி."

செருப்பைத் தேடுகிறேன்.
இவனுக்காவது
இருபத்துநாலாவது மணியில்
கொடி அசைத்தார்கள்.