பிறகு நினைவூட்டு

மூன்று பொத்தான்கள் காட்டுகிறது பெட்டி:
இப்போதே. இன்றிரவு. பிறகு நினைவூட்டு.
வேண்டாம் என்றொரு பொத்தானை
யாரும் செய்து வைக்கவில்லை.

புந்தா அரேனாஸின் ஜூலைக் காற்று
கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதில்லை.
இது காத்திருக்கிறது,
பதினான்கு மாதமாக, வலது மூலையில்,
கடன் கேட்க வந்த மச்சான்போல
இளித்துக்கொண்டு.

யாஸ்னா டாக்டர் ஸ்கேன் முனையை
ஆட்டின் அடிவயிற்றில் அழுத்துகிறாள்.
திரையில் சாம்பல் மழை.
அதற்குள் ஒரு முதுகெலும்பு.
பொறு,
இன்னொன்று.
இரட்டை என்று ரோமத்தில் நீலம் பூசுகிறேன்.

இந்தக் கருவி
பழைய விண்டோஸோடு மட்டும்தான் பேசும்.
செய்த கம்பெனியை மூடியாயிற்று.
புதியதை ஏற்றினால்
"அறியப்படாத சாதனம்" என்று
முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம்.
ஏற்றாவிட்டால்
திறந்த வீட்டில் நாய் நுழைகிற மாதிரி
எவனாவது நுழைவான் என்கிறான் நிபால்தோ.
கணக்குப் பார்த்தேன்:
புதுக் கருவியின் விலை எழுபது செம்மறி.
எல்லாம் இரட்டை சுமப்பவை.

நேற்றிரவு எல்லாரும் போனபிறகு
சுட்டியை "இப்போதே"யின்மேல்
நகர்த்திப் பார்த்தேன்.
அம்பு கையாக மாறியது.
அந்தக் கை நடுங்கவில்லை,
என்னுடையதுதான்.

அப்புறம் மேசைக்கடியில் குனிந்தேன்.
தூசியும் கம்பளி இழையும் சுற்றி
சுவரிலிருந்து ஒரு மஞ்சள் கம்பி.
பிடுங்கினேன்.

காலையில் யாஸ்னா கேட்டாள்,
மின்னஞ்சல் எதுவும் வரவில்லையே?
இதில் வராது, என்றேன்.
சரி என்று அடுத்த ஆட்டைப் பிடித்தாள்.

மச்சான் இன்னும்
வலது மூலையில்தான் நிற்கிறான்.
இனி அவனுக்கு
ஊர்ச்செய்தி வராது.