தொய்வு

ஹென்னூர் பாலத்தடியில்
மழைத்தண்ணீர் மூடி வைத்திருந்த பள்ளம்.
வலது மணிக்கட்டு ஒடிந்தது.
ஒன்பது வாரம் மாவுக்கட்டு.
பிரித்த அன்று டாக்டர் என் கையைக்
கதவுப்பிடி போலத் திருகிப் பார்த்து
இதற்குமேல் வளையாது என்றார்.
ஸ்கூட்டர் மாதிரி ஏதாவது பாருங்களேன்.

கை வளையாதாம். சரி.
கம்பி வளையட்டும்.

ஜே.சி. ரோட்டில் நயாஸ் கடை.
உத்தரத்திலிருந்து ஹேண்டில்பார்கள் தொங்கின,
எந்த மாட்டிலும் முளைக்காத கொம்புகள்.
ஒவ்வொன்றாய் வாங்கிக் கண்ணை மூடி
இல்லாத வண்டியை ஓட்டினேன்.
டயர் வாங்க வந்த பையன்கள் சிரித்தார்கள்.
நயாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டார்:
"உக்காந்து புடிங்க மேடம், நின்னா தெரியாது."
ஏழாவதில் வலிக்கவில்லை.
இரண்டு அங்குலம் உயரம்,
என் பக்கமாய்க் கொஞ்சம் சாய்வு.
ஆயிரத்து எண்ணூறு என்றார்.
ஆயிரத்து நானூற்றைம்பதில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, பேஸ்மெண்ட்,
டேங்கின்மேல் பழைய போர்வை.
கிரிப்பைக் கத்தியால் கீறினால்
உள்ளே ஆறு வருட வியர்வை
கறுப்பு மாவாய்.
சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை,
அது உட்காரப் புதுக் கம்பியில் துளை இல்லை.
முளையை அரத்தால் தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு.
நான் துளை போட்டேன்.
டிரில் முதலில் வழுக்கிப்
புதுப் பெயிண்டில் ஒரு வெள்ளிக்கோடு இழுத்தது.
கிளாம்ப் அதை மூடாது.
கிரிப் ஏறமாட்டேன் என்றது. ஹேர் ஸ்ப்ரே அடித்தேன்,
ஏறியது, கல்யாண மண்டப வாசனையோடு.

டார்ச் பிடித்திருந்த வாட்ச்மேன் தில்பகதூருக்கு ஆச்சரியம்,
லிஃப்ட் மேடத்துக்கு இதுவும் வருமா?
என் வேலை லிஃப்ட்தான்.
இத்தாலியப் பெயர் வைத்த அடுக்ககங்களில்
இரும்புக் கயிறு பார்க்கிறவள்.
விரலால் சுண்டியே சொல்லிவிடுவேன்
இறுக்கம் எவ்வளவு, தொய்வு எவ்வளவு.

அப்படிப்பட்டவள் மறந்தேன்,
கம்பி இரண்டு அங்குலம் ஏறினால்
ஆக்ஸிலரேட்டர் கேபிளும்
இரண்டு அங்குலம் கேட்கும் என்று.

நேராகப் போகையில் ஒன்றும் தெரியவில்லை.
முழங்கை மடங்கி, தோள் இறங்கி,
நாகவாரா சிக்னல்வரை
மணிக்கட்டு என்னோடு பேசாமலே வந்தது.
யு-டர்னில் வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன்.
வண்டி தானாக உறுமியது.
நான் திருகவில்லை.
எதிரே பஸ்.
இடது கை என்னைக் கேட்காமல் கிளட்சை இறுக்க,
வண்டி நின்ற இடத்திலேயே அலறியது.
ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி
டிரைவர் கன்னடத்தில் கேட்ட கேள்விக்கு
எந்த மொழியிலும் என்னிடம் பதில் இல்லை.

ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன்.
மறுபடி போர்வை, மறுபடி ஸ்பேனர்,
இம்முறை டேங்க்கே கீழே.
பார்த்தால், கேபிள் ஃபோர்க்கைச் சுற்றி
ஹெட்லைட்டை எட்டிப்பார்த்து
அப்புறம் கார்புரேட்டருக்குப் போகிறது,
டீக்கடைக்கெல்லாம் போய்விட்டு
ஆபீஸ் வருகிறவன் மாதிரி.
உருவிப் பின்பக்கமாய் விட்டேன்.
மூன்று விரற்கடை மிஞ்சியது.
புதுக் கேபிளுக்கு எடுத்துவைத்த அறுநூறு
பையிலேயே இருந்தது.

ஸ்டார்ட் செய்து ஒடித்தேன், இடம், வலம், இடம்.
காதை டேங்கில் வைத்தேன்.
ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரே மூச்சு.

இடப்பக்கம் கடைசிவரை ஒடித்தால் மட்டும்
ஹாரன் பட்டன் டேங்கில் இடித்து
ஒரு கூவல்.
சரிசெய்ய அரைமணி நேரம் போதும்.
செய்யவில்லை.
ராத்திரி கேட்டுக்குத் திரும்பும்போது
வண்டியே கூப்பிடுகிறது,
தில்பகதூர் எழுந்து வந்து திறக்கிறார்.

பழைய கம்பி அவர் அறைச் சுவரில்.
ஒரு கொம்பில் யூனிஃபார்ம் சட்டை,
மற்றதில் நேற்றைய சாக்ஸ்,
இன்னும் ஈரமாய்.